செட்டில்மெண்டா, உயிலா, பவரா? வயதான பெற்றோரின் வீட்டுக்கு எது பாதுகாப்பு

"அப்பாவுக்கு 78 வயது. வீடு அவர் பெயரில் இருக்கிறது. இப்போதே எங்கள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டால் பிறகு அலைய வேண்டாம் என்கிறார் அண்ணன். உயில் போதும் என்கிறார் மாமா. பத்திர எழுத்தரோ ஒரு பவர் போட்டுவிடலாம் என்கிறார். எது சரி?"

ஊரும் வயதும் மாறுமே தவிர, வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். கையெழுத்துப் போடப்போகிறவரின் பக்கத்திலிருந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன். காரணம் என் பெரியம்மா.

அவருக்கு 74 வயதானபோது, பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனார்கள். "சம்மதம்தானே அம்மா?" என்று கேட்டதற்குத் தலையாட்டினார். கைரேகை, புகைப்படம் எல்லாம் முறைப்படி நடந்தன. ஒரு வருடம் கழித்து வீட்டு வரி ரசீதில் பெயர் மாறியிருப்பதைப் பார்த்தபோதுதான், வீடு தன்னுடையதாக இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. யாரும் அவரை அடிக்கவில்லை, வெளியே போகச் சொல்லவுமில்லை. ஆனால் மாடிப் போர்ஷன் வாடகை அவர் கைக்கு வருவது நின்றது. கண் ஆபரேஷனுக்குக்கூட மகனிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. முதியவர்களைச் சுரண்டுவது என்றால் ஏதோ முன்பின் தெரியாத ஆள் போனில் ஏமாற்றுவது என்று நினைக்கிறோம். வீட்டுக்குள்ளேயே, சொந்தக்காரர்கள் கையால், ஒரு பத்திரத்தின் வழியாக அது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: கொடுத்தவர் மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா? இரண்டாவது: நாளைக்கே அவருக்கு நினைவு தப்பினால் இந்த ஏற்பாடு நிற்குமா? மூன்றாவது: அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் வாடகையும் அவர் உயிரோடு இருக்கும்வரை யார் கையில் இருக்கும்? இவற்றுக்குப் பிறகுதான் செலவும், பின்னால் பிள்ளைகளுக்குள் தகராறு வருமா என்ற கவலையும்.

பெரும்பாலான குடும்பங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பத்திரச் செலவையும் பங்குத் தகராறையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். "அம்மா வேண்டாம் என்றால் திரும்பக் கிடைக்குமா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அந்த முதல் கேள்விக்கே பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

| வழி | மனம் மாறினால் | நினைவு தப்பினால் | குடியிருப்பும் வாடகையும் |
|---|---|---|---|
| நிபந்தனை இல்லாத செட்டில்மெண்ட் | தானாக ரத்து செய்ய முடியாது | பத்திரம் நிற்கும், முதியவர் கையில் ஒன்றும் இருக்காது | வாங்கியவர் கையில் |
| ஆயுள் உரிமையும் நிபந்தனையும் எழுதிய செட்டில்மெண்ட் | பராமரிக்காவிட்டால் ரத்து கேட்கலாம் | குடியிருக்கும் உரிமை நீடிக்கும் | முதியவர் கையில் |
| உயில் | எத்தனை முறையும் மாற்றலாம் | எழுதியது நிற்கும், புதிதாக எழுத முடியாது | முதியவர் கையில் |
| பொது அதிகாரப் பத்திரம் (பவர்) | ரத்து செய்யலாம், அதற்குள் விற்றிருந்தால் கஷ்டம் | சட்டப்படி முடிந்துபோகும் | காகிதத்தில் முதியவர், நடைமுறையில் முகவர் (பவர் வாங்கியவர்) |
| ரிவர்ஸ் மார்ட்கேஜ் (வீட்டை வங்கியில் அடமானம் வைத்து மாதாமாதம் பணம் பெறுவது) | கடனைத் திருப்பிக் கட்டி வெளியே வரலாம் | கடன் ஒப்பந்தம் தொடரும் | முதியவர் கையில் |

## செட்டில்மெண்ட்: செலவு குறைவு, விலை அதிகம்

பிள்ளைகளுக்கு இது பிடிப்பதன் காரணம் புரிகிறது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட பிறகும் இவற்றுக்கு 40,000 ரூபாய், 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது. கோடி ரூபாய் வீடானாலும் 50,000 ரூபாயில் கைமாறிவிடும். பட்டாவும் வீட்டு வரியும் உடனே மாறிவிடும், பின்னால் வாரிசுச் சான்றுக்காக அலைய வேண்டியதில்லை.

ஆனால் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்", "இதைப் பின்னிட்டு எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன்" என்று இருக்கும். எழுத்தர் வழக்கமாகப் போடும் வரிகள்தான். சட்டமும் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்கிறது. பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்டும் தானம்தான். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126ஆவது பிரிவுப்படி, கொடுத்து ஏற்றுக்கொள்ளப்பட்ட தானத்தைக் கொடுத்தவர் தன் விருப்பப்படி திரும்பப் பெற முடியாது. ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கியதாக நிரூபிக்க சிவில் நீதிமன்றம் போக வேண்டும். எழுபது வயதுக்கு மேல் அதற்கு எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்?

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. 60 வயதானவர் யாருக்காவது சொத்தைக் கொடுத்து, "என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையும் அதில் இருந்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், 23ஆவது பிரிவின்கீழ் தீர்ப்பாயம் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயத்துக்குத் தலைவர் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ.

நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படாமல் வாய்வார்த்தையாக இருந்தால்? இதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. அப்படியொரு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரி 2ஆம் தேதி, மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கில், இது முதியவர்களுக்காக வந்த சட்டம், அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்து வீட்டைத் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது மூதாட்டி மகனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கவில்லை. "அன்பின் காரணமாக" எழுதிக் கொடுத்ததே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை உள்ளடக்கியதுதான் என்று சொல்லி, ஆர்.டி.ஓ. செய்த ரத்தை உறுதிசெய்தது.

நல்ல தீர்ப்புகள். ஆனால் தீர்ப்பை நம்பி வீட்டைக் கொடுக்காதீர்கள். அந்த மூதாட்டியின் வழக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தோடு முடியாமல் உயர் நீதிமன்றம்வரை போனது. இன்னொரு தடை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது: மனு கொடுக்க வேண்டியவர் பெற்றவர். என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பெத்த பிள்ளை மேல கேஸ் போட்டவன்னு பேர் வேண்டாம்பா" என்றார். அதற்கு மேல் நாங்கள் பேச முடியவில்லை.

சரி, செட்டில்மெண்ட்தான் எழுத வேண்டும் என்றால்? அதற்கும் நியாயமான சூழ்நிலைகள் உண்டு. வேலையை விட்டுவிட்டு ஒரு மகள் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிறார். மற்றவர்கள் அவரை வெளியேற்றிவிடுவார்களோ என்று தாய்க்கு பயம். அல்லது மனநலம் குன்றிய ஒரு பிள்ளைக்கு இப்போதே உறுதியாக ஏதாவது செய்ய வேண்டும். அப்போது பத்திரத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்:

- கொடுப்பவருக்கும் அவருடைய துணைக்கும் ஆயுள்காலம் முழுக்கக் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை.
- அவர்கள் உயிரோடு இருக்கும்வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற வரி.
- உணவு, மருத்துவம், பராமரிப்பு தர வேண்டும். தராவிட்டால் 2007 சட்டத்தின்கீழ் ரத்து செய்யலாம் என்ற நிபந்தனை.

ஆயுள் உரிமையை வைத்துக்கொண்டு கொடுத்தால் தானம் செல்லாது என்று சில எழுத்தர்கள் சொல்வார்கள். செல்லும் என்று 2014லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இந்த மூன்று வரிகளைச் சேர்க்கச் சொன்னதும் வாங்குபவரின் முகம் சுருங்கினால், அதையும் கவனியுங்கள்.

## உயில்: என் முதல் தேர்வு, அதன் ஓட்டைகளோடு

எழுதியவர் இறக்கும்வரை உயில் வெறும் காகிதம்தான். அதன் பலமே அதுதான். வீடு, வாடகை, விற்கும் உரிமை எல்லாம் அவரிடமே இருக்கும். மனம் மாறினால் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். முத்திரைத் தீர்வை கிடையாது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் "அவர் கையெழுத்தே இல்லை" என்ற வாதம் வலுவிழக்கும். யாருக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதே ஆபத்தான வீடுகளும் உண்டு. அங்கே உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

இனி ஓட்டைகள். உயிலைச் சுரண்டலுக்குப் பயன்படுத்துவதும் சுலபம், ஏனென்றால் கடைசியாக எழுதியதுதான் செல்லும். நினைவு மங்கத் தொடங்கிய ஒருவரிடம் பக்கத்தில் இருப்பவர் புதிதாக ஒன்றை எழுதி வாங்கிவிடலாம். அதனால் நல்ல நிலையில் இருக்கும்போதே எழுத வேண்டும். அதே நாளில் ஒரு மருத்துவரிடம் தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று சான்று வாங்கிச் சேர்த்துவைக்க வேண்டும். பயன்பெறப் போகிறவர் சாட்சியாகவும் இருக்கக் கூடாது, எழுத்தரிடம் அழைத்துப்போகிறவராகவும் இருக்கக் கூடாது. உயில் நீதிமன்றம் போனால் முதலில் கிளப்பும் சந்தேகமே அதுதான். சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். பின்னால் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும்.

மறைவான இன்னொரு குறை: உயில் வாழும் காலத்துக்கு எதுவும் செய்யாது. அப்பாவுக்கு மறதி நோய் முற்றி, சிகிச்சைக்காக வீட்டை விற்க வேண்டும் என்றால் உயிலால் பயனில்லை. யாரையாவது பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கும். ஆகவே உயிலோடு வங்கிப் பணத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

சொத்து பூர்வீகமானதா, சுயமாகச் சம்பாதித்ததா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பூர்வீகச் சொத்தில் தன் பங்கைத்தான் எழுத முடியும். முஸ்லிம்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு தனியாக உண்டு.

## பவர்: பழகிய பெயர், தவறான நம்பிக்கை

"அப்பாவுக்கு ஒன்றும் புரியாமல் போனால் உதவும்" என்று பவர் எழுதி வாங்குகிறார்கள். இந்தியச் சட்டத்தில் உண்மை இதற்கு நேர் எதிர். ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துபோகும். எந்த நாளுக்காக எழுதினார்களோ, அந்த நாளில் அது உதவாது. மாறாக, அவர் நன்றாக இருக்கும்போது அவருக்குத் தெரியாமலே வீட்டை விற்க அது போதும்.

ரத்து செய்யலாம்தான். ரத்துப் பத்திரம் பதிவு செய்து முகவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன்பே அவர் விற்றிருந்தால், விவரம் அறியாமல் வாங்கியவரிடமிருந்து மீட்பது பெரும்பாடு. பவரில் "பிரதிபலன் பெற்றுக்கொண்டேன்" என்பது போல ஒரு வரி இருந்தால் உடனே நிறுத்துங்கள். முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருப்பதாகக் காட்டி, ரத்து செய்ய முடியாது என்று வாதாட அந்த ஒரு வரி வழிவிடும்.

"அம்மாவால் நடக்க முடியாது, அதனால்தான் பவர்" என்பது நான் அடிக்கடி கேட்கும் காரணம். அவசியமே இல்லை. உடல்நிலை சரியில்லாதவர்களின் வீட்டுக்குச் சார்பதிவாளரே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வாடகை வசூல், வரி கட்டுவது, ஒரு குறிப்பிட்ட வழக்கை நடத்துவது என்று ஒரே வேலைக்கு எழுதும் தனி அதிகாரப் பத்திரம் வேறு விஷயம். அதை எழுதலாம். "விற்க" என்ற சொல் மட்டும் அதில் இருக்கக் கூடாது.

## ரிவர்ஸ் மார்ட்கேஜ்

பிள்ளைகளை நம்ப முடியாதவர்கள், பிள்ளைகளே இல்லாதவர்கள் இதை யோசிக்கலாம். 60 வயதானவர், தான் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியில் அடமானம் வைக்க, வங்கி மாதாமாதம் பணம் கொடுக்கும். அந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை. கணவன், மனைவி இருவரும் காலமாகும்வரை யாரும் வெளியேற்ற முடியாது. பிறகு வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வங்கி விற்று, கடன் போக மீதியை அவர்களிடம் கொடுக்கும். விற்ற தொகை போதாவிட்டாலும் வாரிசுகளிடம் கேட்க முடியாது.

வட்டி மேல் வட்டி ஏறும் என்பதும், பணம் வருவதற்கு அதிகபட்சக் காலம் 20 ஆண்டுகள் என்பதும் இதன் விலை. 62 வயதில் தொடங்கினால் 82இல் வருமானம் நின்றுவிடும், குடியிருப்பது மட்டும் தொடரும். ஆகவே எழுபதை ஒட்டித் தொடங்குவது நல்லது.

## வங்கிப் பணம்: ஒரே ஒரு சொல்லில் வரும் வித்தியாசம்

ஜாயிண்ட் அக்கவுண்ட் தொடங்கும் படிவத்தில் "ஐதர் ஆர் சர்வைவர்" என்று டிக் அடித்தால், இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் எடுக்கலாம். "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்றால் முதல் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்கலாம், அவருக்குப் பிறகுதான் இரண்டாமவர். பெரும்பாலும் வங்கி ஊழியரே கேட்காமல் முதலாவதை டிக் அடித்துக் கொடுத்துவிடுகிறார்.

நான் சொல்வது இரண்டையும் பிரித்து வைப்பது. மூன்று நான்கு மாதச் செலவுக்கான தொகை மட்டும் முதல் வகைக் கணக்கில், நம்பகமான ஒரு பிள்ளையோடு. திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போனால் அது உதவும். வைப்பு நிதி முழுவதும் இரண்டாவது வகையில். படுத்த படுக்கையாகிவிட்டாலும், கையெழுத்துப் போட முடியாதவரிடம் வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வாங்கிப் பணம் கொடுக்க வங்கிகளுக்கு விதி இருக்கிறது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரச் சொல்லியும் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். ஏ.டி.எம். கார்டும் அதன் ரகசிய எண்ணும் வேறு யாரிடமோ இருந்தால் இந்த ஏற்பாடு எதற்கும் அர்த்தமில்லை.

நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அதற்கு உரிமையாளர் அல்ல என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிவையுங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம். ஒரு பிள்ளை பெயரை மட்டும் போட்டு மற்றவர்களோடு மனஸ்தாபம் வளர்க்க வேண்டியதில்லை.

## யாருக்கு எது

பிள்ளைகளோடு உறவு நன்றாக இருக்கிறது, பெற்றவருக்கு மனமும் தெளிவாக இருக்கிறது என்றால் பதிவு செய்த உயிலும், மேலே சொன்னபடி பிரித்து வைத்த வங்கிக் கணக்கும் போதும். உறவு நன்றாக இருப்பதால்தானே செட்டில்மெண்ட் என்று கேட்பீர்கள். பத்திரம் பதிவான மறுநாளும் அதே உறவு இருந்தால், உயிலுக்காகக் காத்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. மகனை நம்பிக் கொடுத்த வீடு, அவர் முந்திப் போனால் வேறொருவர் கையில் இருக்கும். நாகப்பட்டினத்தில் நடந்தது அதுதான்.

ஒரு பிள்ளை கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார், மற்றவர்கள் சண்டைக்குத் தயாராக இருக்கிறார்கள் என்றால் ஆயுள் உரிமையும் நிபந்தனையும் எழுதிய செட்டில்மெண்ட். வருமானம் இல்லை, வீடு மட்டும் இருக்கிறது என்றால் ரிவர்ஸ் மார்ட்கேஜ். விற்பனை அதிகாரம் கொண்ட பொதுப் பவரை எந்தச் சூழ்நிலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்கெனவே மறதி தொடங்கிவிட்டதா? அப்படியானால் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்காதீர்கள், நல்ல எண்ணத்தோடுகூட. முதலில் மருத்துவர், பிறகு வழக்கறிஞர்.

## ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டால்

முதலில் பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், எடுத்துப் பாருங்கள். பார்ப்பதற்குக் காசில்லை. பெற்றோர் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாத வீடுகளில், பதில் அங்கே இருக்கும். பிறகு பத்திரத்தின் நகல் வாங்கி, பராமரிப்பு என்றோ அன்பின் காரணமாக என்றோ ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

மனு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலே கொடுக்கலாம். பெற்றவரால் வர முடியாவிட்டால் அவர் எழுதிக் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம். பத்திர நகல், வயதுச் சான்று, மருத்துவச் செலவு ரசீதுகள், வாடகை யாருக்குப் போகிறது என்பதற்கான ஆதாரம் இவற்றைச் சேர்த்து வையுங்கள். பத்திரத்தை ரத்து செய்யப் பெற்றவருக்கு மனமில்லை என்றால், அதே தீர்ப்பாயத்தில் மாதப் பராமரிப்புத் தொகை மட்டும் கேட்கலாம். சட்டப்படி மாதம் 10,000 ரூபாய்வரை கிடைக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, காலை 8 மணி முதல் இரவு 8 மணிவரை பேசுவார்கள். அழைக்கும்போது சொத்தை வாங்கியவர் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.